வேண்டுமென்றே வாங்கிய நாற்பத்தேழு

அனுப்புநர்:
அவாதிஃப் அப்துல் அஸீம் ஷல்தூத்,
முதுநிலை ஆய்வாளர், எடையளவு முத்திரைப் பிரிவு,
14, மூன்றாம் மாடி, கஸ்ஸாரீன் தெரு,
மன்சூரா.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மாணவர் அறிவுத்திறன் அளவீட்டு மேல்முறையீட்டுக் குழு,
மன்சூரா.

பொருள்: என் மகள் ஷுரூக் ஹம்தி (வயது 14) பெற்ற அறிவுத்திறன் எண் 47-ஐ நிறுத்தி வைக்கவும், ஓராண்டுக் காத்திருப்பு விதியைத் தளர்த்தி, பள்ளி திறக்கும் செப்டம்பர் 21-க்குள் மறுசோதனை நடத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் குழுவின் பள்ளி மாற்றக் கடிதம், நாள் 28.8.2019.
2. என் மனுக்கள், நாள் 29.8.2019, 2.9.2019, 5.9.2019.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கு நேரம் குறைவு என்பதை அறிவேன். எனக்கும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. ஆகவே முகவுரை இல்லாமல் தொடங்குகிறேன்.

இது நான் தங்களுக்கு அனுப்பும் நான்காவது மனு. முதல் மனுவில், சோதனை நாளன்று மகளுக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். இரண்டாவதில், அறைக்கு வெளியே ஜெனரேட்டர் இரைச்சல் என்று எழுதினேன். மூன்றாவதில், சோதித்த அதிகாரி அவசரப்பட்டார் என்று எழுதினேன். மூன்றும் பொய். மகள் நல்ல உடல்நலத்தோடு இருந்தாள். ஜெனரேட்டர் ஓடவில்லை. உளவியல் அதிகாரி மதாம் நிவீன் இரண்டு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து தம் வேலையைச் செய்தார். அந்த மூன்று மனுக்களையும் இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன். அவரிடம் நேரில் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். இனி எழுதுவது நடந்தது.

1. ஷுரூக் எங்கள் ஒரே மகள். நடுநிலைப் பள்ளியின் கடைசி வகுப்புக்குப் போக வேண்டியவள். அந்த வகுப்பின் முடிவில் எழுதும் தேர்வுதான் ஒரு பிள்ளை பொது மேல்நிலைப் பள்ளிக்குப் போகுமா, தொழிற்பள்ளிக்குப் போகுமா என்று முடிவு செய்கிறது. அந்தத் தேர்வு நடக்கும் வாரத்தில் நம் ஊரில் எந்த வீட்டிலும் ஒருவர் சத்தமாகத் தும்முவதுகூட இல்லை என்பது தங்களுக்கும் தெரியும்.

கடந்த மே மாதம், அதற்கு முந்தைய வகுப்பின் கணக்குத் தேர்வில், என் மகள் எல்லாக் கணக்கையும் பென்சிலால் போட்டாள். பிறகு கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் ரப்பரால் அழித்து வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். கண்காணித்த ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, தாளைச் சாய்த்துப் பிடித்தால் பென்சில் தடம் தெரிகிறது என்றும், தாம் பார்த்தவரை விடைகள் சரிதான் என்றும் சொன்னார். அழித்த விடைக்கு மதிப்பெண் போட அவருக்கு விதி இல்லை. வீட்டில் நான் காரணம் கேட்டதற்கு மகள் சொன்னது இது: "தப்பா இருந்தா உன் மூஞ்சிய எப்படிம்மா பாக்கறது? வெறும் தாள் குடுத்தா எழுதலன்னுதான் ஆகும். தப்பா எழுதினான்னு ஆகாது." சொல்லிவிட்டு, தட்டில் இருந்த மொலோகியாக் கீரையைத் தொடாமல் எழுந்து போனாள்.

அந்த மூஞ்சியைப் பற்றி ஒரு வரி எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஊர்க் கறிக்கடைக்காரர்களும் காய்கறிக்காரர்களும் தூரத்திலேயே அடையாளம் கண்டு, திருட்டுத் தராசை மேசைக்கு அடியில் தள்ளும் மூஞ்சி அது. அதையே மாலையில் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறேன் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

2. எதிர் வீட்டு உம் நாதிர், அதாவது நாதிரின் தாய், நல்ல எண்ணத்தோடுதான் இந்த யோசனையைச் சொன்னார். அரசின் ஒருங்கிணைப்புத் திட்டத்தில், அறிவுத்திறன் எண் 65-இலிருந்து 84 வரை உள்ள பிள்ளைகள் தங்கள் பள்ளியிலேயே, தங்கள் வகுப்பிலேயே படிக்கலாம். தேர்வுக்கு மட்டும் தனி வினாத்தாள், கூடுதல் நேரம், இரண்டு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கான நல்ல ஏற்பாடு. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதைத் திருட நினைத்தவள் நான்தான்.

உம் நாதிர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எம் பையன் எழுவத்திரண்டு வாங்கினான், அவாதிஃப். இப்ப பரீட்சைக்குப் பெருநாள் துணி போட்டுக்கிட்டுப் போற மாதிரி போறான். உம் பொண்ணும் இதுல சேந்துட்டா அழிக்கறதுக்கு ரப்பரே தேவப்படாது. என்ன வெக்கம் இதுல? நாளைக்குக் கல்யாணத்துல வந்து நம்பர் என்னன்னா கேக்கப் போறாங்க?" நான் மூன்று நாள் மறுத்தேன். நான்காம் நாள் நானே அவர் வீட்டுக் கதவைத் தட்டி டியூஷன் ஆசிரியரின் தொலைபேசி எண்ணைக் கேட்டேன்.

3. நம் ஊரில் டியூஷன் இல்லாத பாடம் கிடையாது. தோற்பதற்கும் இருந்தது. மருந்துக் கடைக்கு மேல் மாடியில் மிஸ்டர் வக்தி என்பவர் நான்கு வெள்ளிக்கிழமைகள், ஜும்ஆ தொழுகை முடிந்ததும், ஒன்பது பிள்ளைகளை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து, அறிவுத்திறன் சோதனையில் எழுபது சொச்சம் வாங்குவது எப்படி என்று கற்பித்தார். அவர் பெயரைச் சொல்வதால் என் பங்கு குறையாது என்பது தெரியும். அவருடைய முதல் பாடத்தை நானும் சுவரோரம் உட்கார்ந்து கேட்டேன்: "எல்லாத்தையும் தப்பாச் சொல்றவன் மாட்டிக்குவான். சுலபமானதச் சரியாச் சொல்லு. நடுவுல தயங்கு. கஷ்டமானது வந்தா ஜன்னலப் பாரு. யோசிக்கற மாதிரி இருக்கணும், கண்டுபிடிச்ச மாதிரி இருக்கக்கூடாது." ஷுரூக் இதை ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் வெள்ளி அவர் வைத்த மாதிரிச் சோதனையில் அவளுக்கு வந்தது 91. மிஸ்டர் வக்தி எனக்குப் போன் செய்தார். "உங்க பொண்ணு முட்டாளா இருக்கறதுல ரொம்ப வீக், மதாம். வீட்ல கொஞ்சம் பழக்குங்க."

பழக்கினேன், ஐயா. அந்த வாரம் முழுவதும் சாப்பாட்டு மேசையில் நான் கேள்வி கேட்பேன். அவள் சரியாகச் சொல்லிவிட்டால் நாக்கைத் தட்டி 'ச்' என்பேன். தவறாகச் சொன்னால் தலையை ஆட்டுவேன். புதன்கிழமைக்குள், நான் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே அவள் என் வாயைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். 

4. ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை, சோதனை நடந்த மருத்துவமனையின் படிக்கட்டில் அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே நான் சொன்ன கடைசி வார்த்தை: "எம்பத்துநாலத் தாண்டிடாதடி. தாண்டினா எல்லாம் போச்சு."

65-ஐப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மிஸ்டர் வக்தியும் சொல்லவில்லை, உம் நாதிரும் சொல்லவில்லை. மேலே தாண்டிவிடுவாளோ என்பதற்குத்தான் எல்லாரும் பயந்தோம். கீழேயும் ஓர் எல்லை இருப்பது யார் நினைவிலும் இல்லை. குறைந்த எல்லை, கூடுதல் எல்லை இரண்டையும் தகட்டில் பொறிக்காத தராசுக்கு நான் முத்திரை குத்துவதே கிடையாது. இதற்காக எத்தனை பேரை நடுத்தெருவில் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போது முதுகு வியர்க்கிறது.

என் மகள் சொன்னதைச் செய்பவள். 84-ஐத் தாண்டிவிடக் கூடாது என்று மூன்று வாரமாகக் கேட்டவள், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் தவறாகச் சொன்னாள். 47 வந்தது.

5. 47 என்றால் ஒருங்கிணைப்புத் திட்டத்திலும் இடம் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், தல்காவில் உள்ள சிறப்புப் பள்ளிக்கு அவளை மாற்றுவதாகத் தங்கள் கடிதம் சொல்கிறது. அந்தப் பள்ளியிலிருந்து பொது மேல்நிலைப் பள்ளிக்கு வழி கிடையாது. பள்ளிப் பதிவேட்டில் 21-ஆம் தேதி பெயர் மாறிவிட்டால், அடுத்த சோதனைக்கு ஓராண்டு. அதற்குள் அவள் வயதுப் பிள்ளைகள் தேர்வு எழுதிப் போய்விடுவார்கள்.

அந்தப் பள்ளியை நான் குறை சொல்லவில்லை. போய்ப் பார்த்தேன். விடுமுறையிலும் இரண்டு ஆசிரியைகள் வந்து சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அலுவலகச் சுவரில் இடத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. முப்பத்தொரு பெயர். முதல் பெயருக்குரிய பிள்ளையின் தாய் அன்று அங்கே வந்திருந்தார். கஃப்ருல் பத்தீக்கிலிருந்து இரண்டு வண்டி மாறி வந்தவர், பக்கத்தில் இருந்த மகனின் கையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "உங்களுக்கு இடம் கிடைச்சிடுச்சாமே, மப்ரூக்" என்று என்னை வாழ்த்தினார். அந்த இடம் அவர் மகனுடையது. நான் அதைப் பொய் சொல்லிப் பிடித்து வைத்திருக்கிறேன். அவரிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. தங்களிடம் சொல்கிறேன்.

6. என் கணவர் ஹம்தி குவைத்தில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிறார். அவரிடம் மறைத்துத்தான் இத்தனையும் செய்தேன். கடிதம் வந்த பிறகு சொன்னேன்.  "முட்டாளா நடிக்கறதுக்கு எம் பொண்ண டியூஷனுக்கு அனுப்பினியா?" என்றார். பிறகு, "அந்த நாப்பத்தேழு அவளோடது இல்ல, அவாதிஃப். உன்னோடது. நீயே வச்சுக்க" என்றார். அன்றிலிருந்து மகளிடம் மட்டும் பேசுகிறார். இதை எழுத வேண்டிய அவசியம் இல்லைதான். ஆனால் முழு உண்மை எழுதுவதாகத் தொடங்கிவிட்டேன்.

7. ஆகஸ்ட் மாத இறுதியில் மதாம் நிவீன் அவர்களைப் பார்த்து, என் மகள் நடித்தாள் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கிட்ட வர்ற தாய்மாருங்கள்ல பாதிப் பேர் எம் பிள்ள புத்திசாலின்றாங்க. மீதிப் பேர் இல்லன்றாங்க. ஒரே மாசத்துல ரெண்டையும் சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றார். எனக்கு அந்த நிமிடம் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

ஆனாலும் அவர் என்னை விரட்டவில்லை. "இந்தச் சோதனைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான், மதாம். எதிர்ல உக்காந்திருக்கறவங்க தன்னால முடிஞ்சதச் செய்யணும். தோக்கணும்னே வர்றவங்கள அளக்க எங்கிட்ட அளவுகோல் இல்ல. உங்க பொண்ணு நடிச்சாங்கறதுக்கு உங்க வார்த்தையத் தவிர வேற என்ன இருக்கு?" என்று கேட்டார். பதிவுத்தாளின் நகல் கேட்கும் படிவத்தையும் அவரே எடுத்துக் கொடுத்தார். கையில் சான்று இல்லாததால்தான் தங்களுக்கு அந்தப் பொய்க் காரணங்களை எழுதினேன். அந்த நகலில் நான் கண்டதைக் கீழே பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

(அ) படப் பகுதி. முப்பத்தாறு கோலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு விடுபட்டிருக்கும். கீழே உள்ள ஆறு துண்டுகளில் பொருந்துவதைத் தொட வேண்டும். ஷுரூக் பெற்றது 36-க்கு 0. மதாம் நிவீன் குறிப்பு: "பார்க்காமல் தொடுகிறாள்."

பார்க்காமல் தொட்டால் என்ன வரும் என்று சோதித்தேன். என் கணவரின் தவ்லா ஆட்டப் பெட்டியிலிருந்து ஒரு பகடையை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். முப்பத்தாறு எண்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உருட்டி, பொருந்துகிறதா என்று குறித்தேன். மதிய இடைவேளைகளில் இப்படி இருபது சுற்று. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அலுவலகத்தில் ஒரு கருத்து நிலவுகிறது, அது இருக்கட்டும். ஒன்றுமே அறியாத அந்தப் பகடை மிகக் குறைவாகப் பெற்றது இரண்டு, மிக அதிகமாகப் பெற்றது பத்து. ஒரு சுற்றில்கூடப் பூஜ்யம் வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொடுகிறவள் தற்செயலாகவாவது ஐந்தாறு சரியாகத் தொட்டிருப்பாள். முப்பத்தாறிலும் சரியானதை விட்டு விலக வேண்டுமானால், சரியானது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

(ஆ) எண் பகுதி. அதிகாரி சில எண்களைச் சொல்வார். பிள்ளை அவற்றைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். எட்டு வரிசை. எட்டும் தவறு. மதாம் நிவீன் குறிப்பு: "தொடர்பற்ற எண்கள்."

அவர் 6, 9, 3 என்று சொல்லியிருக்கிறார். விடை 3, 9, 6. என் மகள் சொன்னது 4, 0, 7. அவர் 5, 2, 8, 3 என்று சொல்லியிருக்கிறார். விடை 3, 8, 2, 5. என் மகள் சொன்னது 4, 9, 3, 6. அவர் 7, 1, 4, 6, 2 என்று சொல்லியிருக்கிறார். விடை 2, 6, 4, 1, 7. என் மகள் சொன்னது 3, 7, 5, 2, 8.

ஐயா அவர்கள் ஒரு பென்சிலை எடுத்துத் தாமே பார்க்க வேண்டுகிறேன். ஒவ்வொரு முறையும் எண்களை மனதுக்குள் திருப்பி, திருப்பிய ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிச் சொல்லியிருக்கிறாள். ஒன்பது வந்த இடத்தில் பத்துக்குப் பதிலாகப் பூஜ்யம். நான் இதைக் கண்டது மூன்றாவது மனுவைக் கொடுத்த பிறகுதான்; அப்போது மீன் சந்தையில் ஒரு தராசைச் சோதித்துக்கொண்டிருந்தேன். நகல் கைப்பையில் இருந்தது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எடைக்கல்லைத் தட்டிலேயே விட்டுவிட்டு அங்கேயே ஒரு கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மீன்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் அவருக்கு இரண்டு முறை அபராதம் போட்டிருக்கிறேன்.

ஏழு வரிசைகள் இப்படிப் பொருந்துகின்றன. எட்டாவது பொருந்தவில்லை. எட்டு எண்கள் உள்ள வரிசை அது. மகளிடம் கேட்டேன். "அது நெஜமாவே தெரியலம்மா. நடுவுல தொலஞ்சு போச்சு" என்றாள். இதையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன். அந்தத் தாள் முழுவதிலும் அவள் உள்ளபடியே பதில் சொன்ன இடம் அது ஒன்றுதான்.

(இ) சொல் பகுதி. மூன்று மட்டும் தருகிறேன். கொய்யாவும் மாதுளையும் எந்த விதத்தில் ஒன்று? "ரெண்டையும் எங்கப்பா குவைத்துலேந்து அனுப்ப முடியாது." பக்கத்து வீட்டிலிருந்து புகை வந்தால் என்ன செய்வாய்? "இன்னிக்கு அவங்க வீட்ல மீன்னு புரிஞ்சுக்குவேன்." பொறுமை என்றால் என்ன? "எங்கம்மாவுக்கு எதிர்ப்பதம்." மூன்றுக்கும் பூஜ்யம். மூன்றாவதற்கு நானாக இருந்தால் மதிப்பெண் போட்டிருப்பேன்.

8. இவற்றோடு போன வியாழக்கிழமை, மூன்றாவது பொய் மனுவைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்த அன்றே, மதாம் நிவீன் முன் மறுபடி போய் உட்கார்ந்தேன். முதலில் அந்த மனுவில் அவரைப் பற்றி எழுதியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்து நகலை வாங்கிக்கொண்டார். எண் வரிசைகளை மூன்று முறை சரிபார்த்தார். முகம் மாறிவிட்டது. "எல்லாத்தையும் நான்தான் எழுதினேன். ஆனா பாக்கல. காதுல விழறத அப்படியே எழுதணும், சரியா தப்பான்னு குறிக்கணும், அவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மீது என்று தெரியாத கோபம். "அப்படின்னா புத்தின்னா என்னன்னாவது சொல்லுங்க. கிலோன்னா என்னன்னு எனக்குத் தெரியும். நீங்க அளக்கறது என்ன?" என்று கேட்டேன்.

அவர் சொன்ன பதிலைக் குழுவின் பார்வைக்குத் தருகிறேன், ஏனென்றால் நான் இதுவரை கேட்ட பதில்களில் நேர்மையானது அதுதான். "அத எங்கிட்ட கேட்டா நாலு பதில் சொல்வேன், மதாம். சீக்கிரம் கத்துக்கறதுன்னு ஒருத்தர் சொல்வார். பழகாத இடத்துல சமாளிக்கறதுன்னு இன்னொருத்தர். எல்லா வேலைக்கும் அடியில ஓடற ஒரே சக்தின்னு ஒரு கட்சி. இல்ல, அது பல தனித்தனித் திறமைன்னு எதிர்க்கட்சி. நூறு வருஷமா சண்ட தீரல. நான் அளக்கறது ஒண்ணுதான். அதே வயசுப் பிள்ளைங்கள வரிசையா நிறுத்தினா, அன்னிக்குக் காலையில இந்தப் பிள்ள எங்க நின்னுச்சுங்கறது. நூறுன்னா நடுவுல. கிலோ மாதிரி அது தனியா ஒரு பொருள் இல்ல."

எடைக்கல் எது என்று நூறு ஆண்டாக முடிவாகாத தராசை எங்கள் பிரிவு ஒரே நாளில் பூட்டி எடுத்துவந்துவிடும். இதைக் கோபத்தில் எழுதுகிறேன், அடித்துவிட மனம் வரவில்லை. ஆனால் மெதுவாகக் கற்கும் எத்தனையோ பிள்ளைகளுக்கு அதே தராசுதான் தனி வினாத்தாளும் கூடுதல் நேரமும் வாங்கித் தருகிறது என்பதையும் அவர் சொன்னார். அதன் குறையை அவர் என்னிடம் மறைக்கவில்லை. அதன் தட்டுக்கு அடியில் கையை வைத்து அழுத்தியவள் நான்.

ஓராண்டு விதியைத் தளர்த்தத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும், தங்கள் குழுவுக்கு மட்டுமே உண்டு என்றும் மதாம் நிவீன் தெரிவித்தார். மறுசோதனைக்குத் தாம் ஆட்சேபிக்கவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை இணைத்துள்ளேன்.

9. இதுவரை எழுதியது சான்று. இனி எழுதுவது என் பயம்.

கடிதம் வந்தபின் ஷுரூக் மெதுவாகப் பேசுகிறாள். உப்புப் போதுமா என்று கேட்டால் சற்று நேரம் நிற்கிறாள். மின்தூக்கியில் எங்கள் மாடி எண்ணை அழுத்தும் முன் என்னைப் பார்க்கிறாள். போன வாரம் ரொட்டி வரிசையில் ஓர் ஆள் அவளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். அவள் ஒதுங்கி இடம் விட்டாள். ஏனடி சும்மா நின்றாய் என்று கேட்டேன். "நாப்பத்தேழு வாங்கினவ வரிசைல சண்ட போடக்கூடாதும்மா" என்றாள். வேடிக்கைக்குச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் எனக்குத் தெரியும்.

அவள் இன்னும் நடிக்கிறாளா, நடிப்பை நிறுத்தியும் இப்படித்தான் இருக்கிறாளா என்பதை என்னால் சொல்ல முடியவில்லை, ஐயா. பெற்றவளால் சொல்ல முடியவில்லை. இருந்த இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. தங்கள் அலுவலகத் தாழ்வாரத்தில் நான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பதைப் பார்த்து, தேநீர்க்காரர் என்னை ஊழியர் என்று எண்ணி மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவா என்று கேட்டார்.

10. நேற்று ஞாயிற்றுக்கிழமை, மறுசோதனை கேட்டு உண்மையை எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள். ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டு, "இந்தத் தடவ எவ்வளவு வரணும்?" என்று கேட்டாள்.

நான், "உனக்கு வர்றது வரட்டும்" என்றேன்.

"எனக்கு எவ்வளவு வரும்னு எனக்குத் தெரியாதேம்மா. எல்லாப் பரீட்சையும் உனக்காகத்தானே எழுதினேன்" என்றாள்.

அவள் கோபத்தில் சொல்லவில்லை. அழவும் இல்லை. கடைக்குக் கிளம்பும்போது என்ன வாங்கணும் என்று கேட்பாளே, அந்தக் குரலில் சொன்னாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஆகவே, ஐயா, என் வேண்டுகோள்கள் இவை:

செப்டம்பர் 21-க்குள் என் மகளுக்கு மறுசோதனை நடத்த ஆணையிட வேண்டுகிறேன். அதுவரை 47 என்ற எண்ணை நிறுத்தி வைத்து, தல்கா பள்ளியில் அவளுக்கு ஒதுக்கிய இடத்தை இப்போதே பட்டியலில் காத்திருக்கும் பிள்ளைகளுக்காக விடுவித்து, பட்டியலின் முதல் பெயருக்குக் கொடுத்துவிட வேண்டுகிறேன். சோதனை முடிவு என்னவானாலும் அந்த இடத்தை நான் திரும்பக் கேட்க மாட்டேன்.

அரசு ஊழியராக இருந்துகொண்டு பொய்த் தகவலுக்கு ஏற்பாடு செய்ததற்கும், மூன்று பொய் மனு கொடுத்ததற்கும் என்மீது எடுக்கும் நடவடிக்கை எதுவாயினும் ஏற்கிறேன். அதைத் தனிக் கோப்பில் நடத்த வேண்டுகிறேன், மகளின் கோப்பில் என் குற்றம் சேர வேண்டாம்.

சோதனை நாளன்று நான் அந்தக் கட்டடத்துக்குள் இருக்க மாட்டேன். பக்கத்துத் தெருவிலும் இருக்க மாட்டேன். மதாம் நிவீன் அவர்களே வீட்டுக்கு வந்து அவளை அழைத்துப் போக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கடைசி வேண்டுகோள் விதிகளில் இல்லாதது. வரும் எண் எதுவோ, அது குழுவுக்கும் மதாம் நிவீனுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். அவள் எந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள், உட்கார வைக்கிறேன். எண்ணை என்னிடம் கொடுத்துவிடாதீர்கள். நான் அழுதாலும், நாளைக்கு இன்னொரு மனுவோடு வந்து தாழ்வாரத்தில் நின்றாலும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் நான் அதை வைத்து மறுபடி ஏதாவது செய்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

தங்கள் ஆணைக்காகத் தாழ்வாரத்தில் காத்திருக்கும்,

(ஒப்பம்)
அவாதிஃப் அப்துல் அஸீம் ஷல்தூத்
ஷுரூக்கின் தாய்

இடம்: மன்சூரா
நாள்: 9.9.2019

இணைப்பு: பதிவுத்தாள் நகல் (6 பக்கம்), பகடைக் கணக்குத் தாள் (2 பக்கம்), மதாம் நிவீன் கடிதம் (1 பக்கம்).